ஒப்பந்தத் தொழிலாளி பிளாப்பி

“சார், கையில எடுத்தா எடை கீது, கீழ போட்டா சத்தம் கேக்குது. எடை இருந்தா அது சாமான். சாமான்னா ஸ்டோர்ஸ்…”

“நான் பேசி முடிச்சிடறேன் நயினார் சார். அதுக்கு உள்ள இருக்கிறது டேட்டா. டேட்டான்னா ஐ.டி. டிபார்ட்மென்ட்…”

“உள்ள இருக்கிறது உங்களுது. வெளிய இருக்கிற பிளாஸ்டிக் என்னுது. வேணும்னா பிரிச்சிக்கலாம்.”

“பிரிக்கணும்னா ஐ.டி. அனுமதி வேணும்.”

“பிரிக்கிற ஸ்குரூ டிரைவருக்கு ஸ்டோர்ஸ் அனுமதி வேணும் ஃபிரடி சார்.”

ஸ்டோர்ஸ் நயினாருக்கும் ஐ.டி. மேனேஜர் ஃபிரடிக்கும் நடுவில் செல்வமேரி நின்றுகொண்டிருந்தாள். மாதா கோயிலில் நற்கருணை அப்பம் வாங்கப் போகிறவள் போல இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தியிருந்தாள். கைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு நீலச் சதுரம் இருந்தது. அதுதான் பிளாப்பி. வாங்கிக்கொள்வதற்கு இரண்டு பேருக்கும் ஆசை இருந்ததே தவிர, கையெழுத்துப் போட்டு வாங்க ஒருவரும் தயாராக இல்லை.

ஒரகடத்தில் வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிற கம்பெனி அது. செல்வமேரி அங்கே நாலாம் நம்பர் மெஷினை ஓட்டுகிறவள். சேரப்பணஞ்சேரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து போகிறாள். மற்ற மெஷின்களெல்லாம் கண்ணாடித் திரையும் விரல் பட்டால் பேசும் குரலுமாக இருக்க, நாலாம் நம்பர் மட்டும் பழைய காலத்து ஆசாமி. உறையின் மேல் ஊசி எந்தக் கோட்டில் போக வேண்டும், எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த நீலச் சதுரத்துக்குள் இருந்தது. நிறுத்திவிட்டால் மெஷின் அத்தனையையும் மறந்துவிடும். காலையில் செல்வமேரி பிளாப்பியை அதன் வாயில் செருகுவாள். அது கொஞ்ச நேரம் கர்கர் என்று தொண்டையைச் செருமும். பிறகு சட்டென்று ஞாபகம் வந்தது போல ஊசியைத் தூக்கும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் தெரிந்துகொள்ளச் சொல்லி அவளை யாரும் கேட்டதில்லை.

இப்போது வண்டிக் கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறது. கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய எந்தப் பொருளிலும் தகவல் இருக்கக் கூடாது, எல்லாம் சர்வருக்குள் போய்விட வேண்டும் என்பது ஆடிட்டின் புது விதி.

கதவைத் திறந்துகொண்டு பிளான்ட் ஹெட் காசிராஜன் வந்தார். நின்றபடி மீட்டிங் நடத்தினால் நேரம் மிச்சமாகும் என்று எங்கோ படித்தவர் அவர். மிச்சமான நேரத்தில் இன்னொரு மீட்டிங் வைப்பார்.

“ஒண்ணு முதல்ல மனசுல வாங்கிக்கணும்,” என்றார். “நாம இங்க சீட் உறை தைக்கலை. நாம தைக்கிறது நம்பிக்கை. உறைங்கறது நம்பிக்கையைத் தைக்கும்போது கூடவே வர்ற ஒரு பொருள். இந்தப் பிளாப்பியில இருக்கிற கோப்பு சர்வருக்குப் போயிட்டா நாலாம் நம்பர் இருக்கும். போகலைன்னா ஆடிட்டுக்கு முன்னாடி நாலாம் நம்பர் ஸ்கிராப்புக்குப் போகும். அதோட இணைஞ்ச மனிதவளம் மரியாதையா விடுவிக்கப்படும்.”

“மனிதவளம்னா யாரு சார்?” என்று கேட்டாள் செல்வமேரி.

“நீங்கதாம்மா.”

“விடுவிக்கிறதுன்னா?”

“சுதந்திரம். மனசுக்குப் பிடிச்ச வேலையை நீங்க செய்யலாம்.”

“எனக்கு இதான் சார் பிடிச்சிகீது.”

காசிராஜன் அதை மனமார ரசித்தார். இந்த அர்ப்பணிப்பைப் பற்றி மாத இதழில் எழுதச் சொல்ல வேண்டும் என்றார்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து படப்பை வரைக்கும் உள்ள கம்பெனி கேட்டுகளில் ‘பெண்கள் தேவை’ என்று பலகை தொங்கும். கீழேயே வயதும் போட்டிருக்கும். அந்த வயதில் செல்வமேரிக்கு ஒரு மகள் இருந்தால் சேர்த்துவிடலாம். அவளுக்கோ ஐம்பத்திரண்டு நடக்கிறது. கணவன் செல்வநாதன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய் வீட்டோடு கிடக்கிறவன். இந்த கேட்டை விட்டு வெளியே போனால், இந்தச் சாலையில் இன்னொரு கேட் அவளுக்குத் திறக்காது. அவள் நிற்பது நாலாம் நம்பரை நம்பி. நாலாம் நம்பர் நிற்பது அந்த நீலச் சதுரத்தை நம்பி.

மறுநாள் காலை வெள்ளைப் பலகைக்கு முன்னால் அவளை நிறுத்தினார்கள்.

“ஏன்?” என்றார் காசிராஜன்.

செல்வமேரி நயினார் பக்கம் சாய்ந்தாள். “இன்னா சார், இன்னாத்துக்கு ஏன்னு கேக்குறாரு?”

“அஞ்சு வாட்டி ஏன் ஏன்னு கேப்பாரும்மா. அஞ்சாவது பதிலு எதுவோ அதான் மூல காரணம். ஜப்பான்ல அப்டித்தானாம். நடுவுல தண்ணி குடிக்கப் போயிடாத, மறுபடி முதல்லேர்ந்து கேப்பாரு.”

“பிளாப்பி ஏன் இருக்கு?” என்றார் காசிராஜன்.

“அதப் போட்டாத்தான் சார் மெஷின் ஓடும்.”

“மெஷின் ஏன் ஓடணும்?”

“பழைய வேனுக்கு உறை கேக்குறாங்களே சார்.”

“பழைய வேனுக்கு ஏன் இன்னும் கேக்கறாங்க?”

“அந்த வண்டி இன்னும் ஓடிகினுதான சார் கீது. ஸ்கூல் வண்டி, ஆம்புலன்ஸுன்னு.”

“அவங்க ஏன் நம்மகிட்ட வரணும்?”

“நம்ம தையல் பிரியாது சார்.”

“ஏன் பிரியாது?”

செல்வமேரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தன்னைப் பற்றித் தானே சொல்ல வெட்கமாக இருந்தது. “நான் தைக்கிறேன் சார்.”

காசிராஜன் பலகையில் பெரிதாக எழுதி வட்டம் போட்டார். மூல காரணம்: செல்வமேரி.

“ஆளைக் குறை சொல்லலைம்மா, தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார். “நம்ம கலாச்சாரத்துல ஆளைக் குறை சொல்றதே கிடையாது. முறையைத்தான் சொல்வோம். இந்த விஷயத்துல முறை நீங்களா இருக்கீங்க.”

மூல காரணத்துக்கு உடனே விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. குளிர்சாதன அறையில் தனியாக உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டினார்கள். தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறக் கூடாது, பாம்பைக் கண்டால் ஹெச்.ஆருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். கம்பெனியில் லிஃப்ட் கிடையாது. வெளியே வரும்போது சேலைக்கு மேல் போட்டிருந்த கம்பெனிச் சட்டையில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிளாப்பி இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்தது ஃபிரடியின் முறை.

“உங்க கம்ப்யூட்டர்ல இதச் செருக வாய் இல்லியே சார்,” என்றாள் செல்வமேரி.

“வாய் தனியா விக்கிறாங்கம்மா. வாங்கிட்டேன். அதை மாட்டற ஓட்டைதான் அடைச்சிருக்கு.”

“யாரு அடைச்சது?”

“நான்தான். போன வருஷம் எல்லா கம்ப்யூட்டர்லயும் பசை ஊத்தி அடைச்சிட்டோம். அதுக்குத்தான் எனக்கு அவார்டு குடுத்தாங்க. திறக்கணும்னா பாதுகாப்புக் கமிட்டி ஒத்துக்கணும்.”

“கமிட்டில யார்லாம் கீறாங்க?”

“நான் மட்டும்தான்.”

“அப்போ தொறந்துடுங்க சார்.”

“முறையா நான் கேக்கணும்ல?”

ஃபிரடி தனக்குத் தானே மெயில் அனுப்பினார். சாப்பாட்டு நேரம் கழிந்து பதில் வந்தது. காரணம் போதாது என்று நிராகரித்திருந்தார்.

“உங்களுக்கு நீங்களே இல்லேன்னுட்டீங்களா சார்?”

“கேட்டவர் அவசரத்துல எழுதியிருக்கார்மா. கமிட்டி அவசரத்துக்கெல்லாம் மயங்காது.”

மறுநாள், இனி இப்படிக் கேட்கக் கூடாது என்ற கண்டிப்போடு கமிட்டி அனுமதி கொடுத்தது. ஃபிரடி அந்தக் கண்டிப்பைக் கொஞ்சம் முகம் வாடித்தான் படித்தார். பசையைச் சுரண்டி, வாயை மாட்டி, பிளாப்பியைச் செருகினார். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

“இன்னா சார் கேக்குது?”

“இந்தப் பிளாப்பி எனக்குப் புரியலை, எனக்குப் புரியற மாதிரி இதைச் சுத்தம் பண்ணிக்கட்டுமான்னு கேக்குதும்மா.”

“சுத்தம்னா?”

“உள்ள இருக்கிறதை எடுத்துடும்.”

“எடுத்து எங்க வெக்கும்?”

“எங்கயும் வைக்காது.”

ஃபிரடியின் விரல் ‘ஆம்’ என்ற கட்டத்துக்கு நகர்ந்தது. “திரையில வர்ற எந்தக் கேள்வியையும் பதில் சொல்லாம விடக் கூடாதுன்னு நம்ம பாலிசி. நான் எழுதினதுதான்,” என்று சொல்லிக்கொண்டே போனார். செல்வமேரி யோசிக்கவில்லை. ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள். திரை கேள்வியை மறந்துவிட்டது.

அன்று மாலை விபத்துத் தடுப்புப் பலகையில் ஒரு செய்தி ஏறியது. ஐ.டி. அறையில் ஓர் அசம்பாவிதம் நூலிழையில் தவிர்க்கப்பட்டது. காரணம்: செல்வமேரி. தவிர்க்கப்பட்டதற்கா அசம்பாவிதத்துக்கா என்று போடவில்லை.

ஃபிரடி நல்ல மனுஷன்தான். போகிற வழியில் குரலைத் தாழ்த்தினார். “படப்பையில ரவுண்டானாவுக்கு முன்னாடி அன்புன்னு ஒருத்தர் கடை வெச்சிருக்கார். பழைய கம்ப்யூட்டர் எல்லாம் வெச்சிருப்பார். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. தெரிஞ்சா கமிட்டி சும்மா விடாது.”

செல்வமேரி சேரப்பணஞ்சேரியில் இறங்காமல் நேராகப் படப்பை போனாள். அன்பு கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“அதப் படிக்கணும்னு இன்னாத்துக்குக்கா அடிச்சிக்கிறாங்க? அது அந்த மெஷினோட சொந்த பாஷை. கம்ப்யூட்டருக்குப் புரியாது. கோயில் சுவத்துல கல்வெட்டு கீதுல்ல, அது மேல காயிதத்த ஒட்டி மை தடவி அச்சு எடுக்கிறாங்களே, எடுக்கிறவனுக்கு அது புரியுதா? இருக்கிறத இருக்கிற மாதிரி மேலருந்து கீழ வரிக்கும் அச்சு எடுத்துக்கினா போதும். எடுத்தா, அரை மணி வேலை. ஒண்ணே ஒண்ணு, காந்தத்துக்கிட்ட மட்டும் கொண்டு போயிடாத. எல்லாம் அழிஞ்சி பூடும்.”

அரை மணி வேலைதான். பிளாப்பி கேட்டைத் தாண்ட வேண்டும், அவ்வளவே.

கேட்டில் வேல்ராஜ் இருந்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், இருங்காட்டுக்கோட்டையில் ஆறு பேரோடு ஒரு ரூமில் இருக்கிறான். செல்வமேரி மேல் பிரியம் உள்ளவன். கம்ப்யூட்டர் மேல் பயம் உள்ளவன்.

“யக்கா, வெளிய போற தகவல் சாதனம்னா கொள்ளளவு எத்தன ஜி.பி.ன்னு கேக்கு.”

ஃபிரடி போனில் கணக்குச் சொன்னார். வேல்ராஜ் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினான். சைபர், புள்ளி, சைபர், சைபர், சைபர், ஏழு. சாஃப்ட்வேர் அதை ரவுண்டு பண்ணிச் சைபர் என்று காட்டியது.

“சைபருங்கு. அப்படி ஒரு சாமானே இல்லங்கு. இல்லாததுக்கு எப்படிக்கா பாஸ் போட?”

“இல்லாததுன்னா ரொம்ப நல்லதுப்பா. நான் எடுத்துகினு போறேன்.”

“கையில இருக்குல்லா. நான் பாத்துட்டம்லா.”

விஷயம் காசிராஜன் வரைக்கும் போயிற்று. அவர் கேட்டுக்கே வந்து திரையைக் குனிந்து பார்த்தார். சாமான், வண்டி, நிரந்தர ஊழியர், ஒப்பந்தத் தொழிலாளி என்று நாலு பிரிவுகள் இருந்தன.

“இதுல எதுக்குக் கொள்ளளவு கேக்காது?”

வேல்ராஜ் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். “ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கேக்கல சார். அவுகளுக்கு ஒண்ணுமே கேக்கல.”

“அதுல போடு,” என்றார் காசிராஜன். “எந்தச் சட்டத்தையும் மீறாம எந்த வேலையையும் செய்யறதுக்குத்தான் அந்தப் பிரிவையே கண்டுபிடிச்சாங்க.”

பிளாப்பி வேலைக்குச் சேர்ந்தது. பெயர், பிளாப்பி. தகப்பனார் பெயர் என்ற இடத்தில் நாலாம் நம்பர் என்று எழுதினான். ரத்த வகை தெரியவில்லை. செல்வமேரி கையில் பிடித்துக்கொள்ள, வேல்ராஜ் முகத்துக்கு நேராக ஒரு போட்டோ எடுத்தான்.

“ஹெல்மெட் அளவு கேக்கு யக்கா.”

“தலை இல்லேன்னு போடேன்.”

“போட்டுட்டேன். ஒத்துக்கிடுச்சு.” அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. “ஏற்கெனவே அப்படி ஒரு கட்டம் வச்சிருக்காவ.”

அடையாள அட்டையோடு கேன்டீன் கூப்பனும் வந்தது. பிளாப்பிக்கு ஒரு வேளை சாப்பாடு. வேல்ராஜ் செல்வமேரியைப் பார்த்தான். “நீ துன்னுப்பா,” என்றாள் அவள். “அதுக்குப் பசிக்காது.”

அன்பு சொன்ன மாதிரியே வேலை முடிந்தது. பழுப்பேறிய பெட்டி ஒன்று ரொம்ப நேரம் முனகிக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் திணறியது. அன்பு வெளியே எடுத்துத் துடைத்து, ஊதி, மறுபடி போட்டான். “எடுத்தாச்சுக்கா. பழசு மொத்தமும் இதுல கீது. பென்டிரைவ்ல போட்டா உங்க கேட்ல வுடமாட்டாங்க. மெயில்ல அனுப்பிடறேன்.”

மெயில் கம்பெனி வாசலில் வந்து நின்றுவிட்டது. அனுப்பியவர் தெரியாதவர், கோப்பின் வகை தெரியாதது, அளவு சந்தேகத்துக்குரிய வகையில் சிறியது என்று பிடித்துத் தனிமையில் அடைத்துவிட்டார்கள்.

“பாத்தீங்களா, சிஸ்டம் எவ்ளோ உஷாரா இருக்குன்னு,” என்றார் ஃபிரடி.

“எப்போ சார் வெளிய வுடும்?”

“அதைத் திறந்து உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு விடும்.”

“எதால தொறக்கும்?”

“நாலாம் நம்பராலதான்மா திறக்க முடியும். ஆனா வெளிய விடாம நாலாம் நம்பருக்குக் குடுக்க முடியாது. பொறுமையா இருங்க. கமிட்டி பாக்குது.”

எப்படியும் பிளாப்பி கையில் இருக்கிறதே என்று செல்வமேரி மனசைத் தேற்றிக்கொண்டாள். ஷிஃப்ட் முடிந்து போகும்போது அதை நயினாரிடம் ஒப்படைத்து, அன்பு சொன்னதைச் சொன்னாள். “காந்தம் கிட்ட போகக் கூடாதாம் சார். ஆவவே ஆவாதாம்.”

நயினார் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். திருப்பிக் கேட்டு ஒரு முறை உறுதிப்படுத்தியும் கொண்டார். இந்த ஒரு வாரத்தில் அவள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் வந்து பார்த்தால் நாலாம் நம்பருக்குப் பக்கத்தில் புத்தம் புதிதாக ஓர் இரும்புப் பலகை நின்றது. மஞ்சள் கோடு போட்டு, பிளாப்பியின் அளவுக்கு நிழல் வரைந்து, ‘என் இடம் இதுவே’ என்று எழுதி, அந்த இடத்தில் பிளாப்பியை வைத்திருந்தார்கள். அதன் மேல் லேமினேஷன் போட்ட சிவப்பு அட்டை. ‘எச்சரிக்கை: காந்தம் அருகில் வைக்காதீர்.’

அட்டையின் இரண்டு மூலையிலும் கறுப்பாக இரண்டு வட்டங்கள் இருந்தன.

“நயினார் சார், இது இன்னா?”

“நீ சொன்னதுதாம்மா. கொட்டை எழுத்துல போட்டுக்கீறேன்.”

“அட்டைய சொல்லல சார். இந்தக் கறுப்பு வட்டம்.”

“காந்தம்.”

செல்வமேரி அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் விளக்கினார். “டேப்பு ஒட்டக் கூடாதும்மா, பசைத் தடம் வுழுந்தா ஆடிட்ல மார்க்கு பூடும். ஆணி அடிச்சா பெயின்ட் பேந்துடும். பலகையில எது வெச்சாலும் காந்தத்தாலதான் வெக்கணும்னு நம்ம ரூல். அட்டையும் வுழக் கூடாது, பிளாப்பியும் வுழக் கூடாதுன்னு பெருசா ரெண்டு போட்டேன்.”

அவள் பிளாப்பியை எடுத்து நாலாம் நம்பரின் வாயில் செருகினாள். மெஷின் செருமியது. வழக்கத்தை விட நேரம் எடுத்துக்கொண்டது. மறுபடி செருமியது. பிறகு சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

மத்தியானம் அன்புக்குப் போன் போட்டாள். அவன் கோபப்படவில்லை. “எங்கிட்டதான் அச்சு கீதே. பழைய சரக்குல ஒரு புது பிளாப்பி கீது, அதுல ஏத்தித் தரேன். போட்ட உடனே ஓடும்,” என்றான். சாயந்திரம் போய் வாங்கி, மறுநாள் காலை கேட்டில் நீட்டினாள்.

வேல்ராஜ் திரையைப் பார்த்தபடி தலையைச் சொறிந்தான். “யக்கா, பிளாப்பி ஏற்கெனவே உள்ள ட்யூட்டில இருக்காருல்லா. அதே பேருல, அதே மூஞ்சில இன்னொருத்தர் வந்தா ஆள்மாறாட்டம்ங்கு.”

“அவரு பூட்டாருப்பா. போன ஷிஃப்ட்லியே பூட்டாரு.”

“செத்துட்டாருன்னா டாக்டர் சர்ட்டிபிகேட் கேக்கு. இல்லன்னா அவரு ராஜினாமா குடுக்கணும். கையெழுத்துப் போட்டு.”

“கையில்லாதவரு எப்டிப்பா கையெழுத்துப் போடுவாரு?”

“நானும் அதத்தான் ஹெச்.ஆர்ல கேட்டேன். கைநாட்டு வச்சாப் போதும்னாவ.”

புது பிளாப்பி கேட்டைத் தாண்டாமலே ஆடிட் நாள் வந்தது. வண்டிக் கம்பெனியிலிருந்து ஜோதி மேடம் வந்தார். கண்ணாடியும் கையில் டேப்லெட்டுமாகத் தரையில் விழுந்த நூலைக் கூட விடாமல் பார்த்துக்கொண்டு வந்தவர், நாலாம் நம்பருக்கு முன்னால் நின்றார். மற்ற மெஷின்கள் தடதடத்துக்கொண்டிருக்க, இது மட்டும் பளபளவென்று அமைதியாக இருந்தது. செல்வமேரி பக்கத்தில் நின்றாள். இன்றோடு தன் கதை முடிந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஜோதி மேடம் பலகையைக் காட்டினார். “இது தகவல் சாதனம் இல்லையா? விதிப்படி இங்க இருக்கக் கூடாதே.”

காசிராஜன் ஓரடி பின்னால் நகர்ந்தார். ஃபிரடிதான் முன்னால் வந்தார். “அதுல தகவல் எதுவும் இல்லை மேடம். சோதிச்சுப் பாத்துட்டோம். முழுக்கக் காலி.”

“எப்படிக் காலி பண்ணீங்க?”

“காந்த முறையில மேடம்,” என்றார் நயினார்.

ஜோதி மேடம் எழுதிக்கொண்டார். எச்சரிக்கை அட்டை தெளிவாக இருப்பதாகப் பாராட்டினார். பிறகு கேள்விகளை அடுக்கினார். “இந்த மெஷின்ல இந்த வாரம் குறைபாடு?”

“இல்லை,” என்றார் காசிராஜன்.

“விபத்து?”

“இல்லை.”

“கழிவுத் துணி? எண்ணெய்க் கசிவு? சத்தம்?”

“எதுவும் இல்லை மேடம்.” கேட்கக் கேட்க காசிராஜனின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அவருக்கே அப்போதுதான் தெரிகிறது.

ஜோதி மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “எத்தனையோ பிளான்ட் பாத்துட்டேன் சார். எல்லாக் கட்டத்துலயும் சைபர் வாங்கின ஒரு மெஷினை இப்பதான் பாக்கறேன். இதை மாதிரிப் பிரிவுன்னு அறிவிக்கணும்.” செல்வமேரி பக்கம் திரும்பினார். “நீங்க இங்க என்னம்மா பண்றீங்க?”

“அவங்கதான் இதுக்கெல்லாம் மூல காரணம்,” என்றார் காசிராஜன்.

சாயந்திரம் எல்லாரையும் கூட்டி லட்டு கொடுத்தார்கள். அதே நேரத்தில் கமிட்டியும் மனம் இறங்கி, அன்புவின் கோப்பைத் தனிமையிலிருந்து விடுவித்தது. கோப்பு சர்வருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஃபிரடி அறிவித்ததும் கை தட்டல் எழுந்தது. செல்வமேரியும் தட்டினாள். லட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்போ மெஷின ஓட்டலாமா சார்?”

“கோப்பு சர்வர்ல பத்திரமா இருக்கும்மா,” என்றார் ஃபிரடி.

“அதான் சார். அங்கேர்ந்து மெஷினுக்கு எப்டி வரும்?”

“மெஷினுக்குப் பிளாப்பியிலதான் வரணும். பிளாப்பி இனிமே உள்ள வரக் கூடாது. மெஷின்லேர்ந்து சர்வருக்குக் கொண்டு போறதுதான் திட்டம். திரும்பக் கொண்டு வர்றது திட்டத்துல இல்லை.”

காசிராஜன் கையமர்த்தினார். “ஓட்டினா குறை வரும்மா. ஓடற எதுலயும் குறை வரும். இப்ப சைபர்ல நிக்கறோம். இந்தச் சைபரை நாம கட்டிக் காக்கணும்.”

“வேன் உறைக்கு ஆர்டர் கீதே சார்?”

“அதை இருங்காட்டுக்கோட்டையில ஒரு சின்ன யூனிட்டுக்கு மாத்திட்டோம். அவங்ககிட்ட பிளாப்பி போட்டு ஓட்டற மெஷின் இருக்காம். பழைய ஆளுங்க, அப்படித்தான் ஓட்டிக்கிட்டு இருக்காங்க, பாவம்.” அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துக் குரலை இளக்கினார். “நீங்க பயப்படவே வேணாம். நாலாம் நம்பர் இருக்கும். உங்க வேலையும் போகாது. இது என் வாக்கு.”

எல்லாரும் இன்னொரு முறை கை தட்டினார்கள். அன்றைக்குச் செல்வமேரி வீட்டுக்கு லட்டு கொண்டு போனாள். செல்வநாதன் படுத்தபடியே பாதி தின்றான்.

திங்கட்கிழமை காலை நாலாம் நம்பரைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருந்தது. கோட்டுக்குள் மெஷின், பலகை, பிளாப்பி. ஊசியின் மேல் கண்ணாடி மூடி. மின்சார இணைப்பை எடுத்திருந்தார்கள். செல்வமேரி நிற்பதற்கும் பாதம் வரைந்து ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். மெஷினைத் தொட வேண்டாம் என்றார் நயினார், விரல் ரேகை பட்டால் மார்க் குறையும். உட்கார வேண்டாம் என்றார், நாற்காலிக்குக் கோட்டுக்குள் இடம் வரையவில்லை. அவள் பாதத்துக்குள் பாதம் வைத்து நின்றாள். வலப்பக்கத்தில் ஐந்தாம் நம்பர் தடதடத்தது. இடப்பக்கத்தில் மூன்றாம் நம்பர் தடதடத்தது. அவள் கை மட்டும் பழக்கத்தில் துணியைத் தேடி ஓரிரு முறை அசைந்து நின்றது.

பதினோரு மணி வாக்கில் வேறு கம்பெனி ஆட்கள் நாலைந்து பேரை அழைத்துக்கொண்டு காசிராஜன் வந்தார். மெஷினைக் காட்டினார், பலகையைக் காட்டினார், சைபர்களைக் காட்டினார். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர் திரும்பி நடக்க ஆரம்பித்ததும் செல்வமேரி பாதத்தை எடுக்காமலே கூப்பிட்டாள்.

“சார், வேலை போவாதுன்னு சொன்னீங்களே, எந்த வேலைன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.”